எதிர்வீட்டைப் பார்த்த கேடயம்

அந்தக் கேடயத்தைக் கொண்டுவந்து வாசலுக்கு மேலே மாட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அவர் காரணம், இவர் காரணம் என்று சுற்றி வளைக்க எனக்கு இஷ்டமில்லை.

நான் வேலை பார்ப்பது புதுச்சேரி கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் அலங்காரப் பொருள் கடையில். முதலாளி ஃபவாஸ் என்னைவிட எட்டு வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கடையில் ஒரு சுவர் முழுக்கக் கேடயங்கள். அந்தக் காலத்துக் கிரேக்கப் போர்வீரர்கள் தூக்கியவற்றைப் பார்த்து இந்தக் காலத்தில் வெண்கலத்தில் வார்த்தவை. பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து நடுவில் உப்ப வைத்தது மாதிரி இருக்கும். சண்டைக்கு உதவாது, சுவருக்கு உதவும். ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள், புதுவீடு கட்டினவர்கள் வாங்குவார்கள், சனி ஞாயிறுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விலை மட்டும் கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம் இருக்கும். காளை போட்டதை நந்தி என்று நினைத்து வாங்கிப்போகிறவர்கள் உண்டு, நான் திருத்துவதில்லை. ஆந்தை போட்டது கிரேக்கர்கள் ஊரில் அறிவுக்கு அடையாளமாம். நம் ஆட்கள் அதன் பக்கமே திரும்ப மாட்டார்கள், வெள்ளைக்காரர்கள்தான் வாங்குவார்கள். எட்டுக்கால் கணவாய் போட்டது கடலோர ஓட்டல்களுக்குப் போகும். நடுவில் ஒரே ஓர் ஈ, நிஜ ஈயின் அளவிலேயே போட்ட கேடயம் ஒன்று மூன்று வருஷமாக விற்காமல் கிடக்கிறது. பிறகு பாம்புத்தலைச்சி. தலைமுடிக்குப் பதிலாகப் பாம்புகள், பிதுங்கிய கண்கள், வெளியே தள்ளிய நாக்கு. அவளுக்குக் கிரேக்கப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் கடையில் அவள் பாம்புத்தலைச்சிதான். அவளை நேருக்கு நேர் பார்த்தவன் கல்லாகிவிடுவான் என்பது கதை. எதிரியின் கண் தன்மேல் விழாமல் இருக்க வீரர்கள் அவள் முகத்தைக் கேடயத்தில் போட்டுக்கொண்டார்கள். இதைக் கேட்டதும் நம்மவர்கள், "ஓ, திருஷ்டி பொம்ம" என்பார்கள். அதற்கும் நான் மறுப்புச் சொன்னதில்லை.

வாங்க வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பாடம் உண்டு. கேடயத்தை இடது கையில் மாட்டுவார்கள். அதில் பாதி மாட்டியவனை மறைக்கும், மீதிப் பாதி அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனை மறைக்கும். தன் வலப்பக்கத்தைத் தானே மறைத்துக்கொள்ள யாராலும் முடியாது. வலப்பக்கம் நிற்கிறவன் கேடயம்தான் அதை மறைக்க வேண்டும். அதனால் தலைக்கவசத்தை எறிந்துவிட்டு ஓடினவனை மன்னித்தார்கள், கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினவனை மன்னிக்கவில்லை. இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஃபிரெஞ்சிலும் ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது என் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

எங்கள் வீடு கதிர்காமத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்த என் மாமனார் எதிரெதிராக இரண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார். ஒன்று மூத்த மகனுக்கு, இன்னொன்று என் வீட்டுக்காரர் இளம்பரிதிக்கு. மூத்தவரின் மனைவி கமலவேணி, என் ஓரகத்தி. அவர்களுக்கு ஒரே பெண், கவிநிலா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கமலவேணி அப்போது காலை ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஒன்றரை வயதிலிருந்து கவிநிலாவுக்குச் சோறு ஊட்டியது நான், தலை வாரிவிட்டது நான், அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது நான். சித்தி, சித்தி என்று என் முந்தானையிலேயே கிடப்பாள்.

போன வருஷம் பழைய ஓட்டுவீட்டை இடித்து மாடிவீடு கட்டினோம். என் வீட்டுக்காரர் கல்லூரிப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்தது, நான் கடையில் நின்று சம்பாதித்தது, எல்லாம் அதில் போனது. புதுமனை புகுவிழா அன்று கமலவேணி மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், கூடத்தின் நடுவில் நின்றாள். பத்துப் பேர் காதில் விழ ஒரு வார்த்தை சொன்னாள்.

"எம்மாம் பெரிய வீடு. ரெண்டு பேருக்கு எதுக்குடி இம்மாம் பெருசு?"

எட்டாம் நாள் வாசற்படி கிரானைட் கல் குறுக்காக வெடித்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கமலவேணியின் கண்தான் என்று சந்து முழுக்கச் சொன்னேன். மேஸ்திரி, அடியில் மண் சரியாக இறுகவில்லை என்றார். நான் அவர் வாயையும் அடைத்து அனுப்பினேன். என்னைக் குத்தியது கல் வெடித்ததா, 'ரெண்டு பேருக்கு' என்ற அந்த வார்த்தையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், கல்தான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

அந்த வாரம் கடைக்கு வந்த சரக்கில் ஒரு பாம்புத்தலைச்சியின் விளிம்பு நசுங்கியிருந்தது. விற்க முடியாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஃபவாஸ்.

"ஆனா வாசல்ல மாட்டாதீங்கக்கா. எதிர்வீட்டுக்காரங்க கேப்பாங்க."

"கேக்கட்டும் தம்பி."

மாட்டினேன். நிலைப்படிக்கு மேலே, சரியாகக் கமலவேணி வீட்டு வாசலைப் பார்த்து. சந்தின் அகலம் எட்டடி. திருஷ்டி முகத்தை எதிர்வீட்டைப் பார்த்து மாட்டுவது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். தெரிந்துதான் செய்தேன்.

மூன்றாம் நாள் கமலவேணி பதில் சொன்னாள். குளியலறையில் இருந்த சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியைக் கழற்றித் தன் வாசலுக்கு மேலே, என் வாசலைப் பார்த்து மாட்டிவிட்டாள். வந்ததை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிரேக்கக் கதையிலும் பாம்புத்தலைச்சியை ஒழித்தவன் நேராகப் பார்க்காமல், தன் கேடயத்தின் பளபளப்பில் தெரிந்த அவள் உருவத்தைப் பார்த்துத்தான் ஒழித்தான். கமலவேணி அந்தக் கதையெல்லாம் கேட்டவள் இல்லை.

அன்றிலிருந்து காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிர்க் கண்ணாடியில் பாம்புத்தலைச்சி தெரிவாள், அவளுக்குக் கீழே நான் தெரிவேன். இரண்டு முகமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் நிமிரப் பழகிக்கொண்டேன். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கவிநிலா வருவதும் நின்றது.

ஏழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, வெடித்த வாசற்படியிலேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குப் போகிறவள், அந்த உடுப்பிலேயே இருந்தாள்.

"சித்தி, ஞாயித்துக்கிழம என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. கூட வேல பாக்குற பையன். எனக்குப் புடிச்சிருக்கு. அவங்கம்மா இதெல்லாம் ரொம்பப் பாக்கறவங்க. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த முகத்த எறக்கி வெச்சிடேன்."

"உங்கம்மா வந்து கேக்கட்டும்."

"அம்மா கேக்காது. உனக்கே தெரியும்."

"அப்பன்னா தொங்கட்டும்."

அவள் திரும்பிப் போனாள். அவள் தலையில் வகிடு கோணலாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வகிடு நேராக எடுக்க வராது, நான்தான் எடுத்துவிடுவேன். கூப்பிட்டு உட்கார வைத்து வாரிவிட வேண்டும் போலக் கை துடித்தது. கூப்பிடவில்லை. கேடயத்தை எறிந்துவிட்டு ஓடுகிறவளா நான் என்று வீம்பாக நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். பையனின் அம்மா ஆதிலட்சுமி சந்தில் இறங்கியதும் என் வாசலைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி என் வாசலைப் பார்த்தார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. போகும்போது "சொல்லி அனுப்புறோம்" என்றுவிட்டுப் போனார்கள். பெண் பிடித்திருந்தால் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆதிலட்சுமி கடைக்குள் வந்தார். ஃபவாஸ் கிடங்குக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும்தான். எந்த வீட்டில் சம்பந்தம் பண்ணப்போகிறார்களோ அந்த வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம். எதிர்வீட்டில் விசாரிக்காமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் கமலவேணி பார்த்துவிடுவாள் என்று நான் வேலை செய்யும் இடத்தைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறார். ஆனால் வந்ததும் விஷயத்துக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்து அந்த ஈயின் முன்னால் நின்றார்.

"ஈயப் போயி எவனாச்சும் கேடயத்துல போடுவானா?"

"ஒருத்தன் போட்டானாம் அம்மா. உன்ன யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இம்மாம் சின்னதா போட்டியான்னு கூட இருந்தவங்க கிண்டல் பண்ணாங்களாம். எதிரிக்கு இது ஈயின்னு தெரியற அளவுக்குக் கிட்ட போயி நிப்பேன்னு சொன்னானாம்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கிட்ட போயி பாத்தாதான் தெரியும்ன்றீங்க. நானும் அதுக்குதாம்மா வந்தேன்." பாம்புத்தலைச்சியைக் கைகாட்டினார். "உங்க வாசல்ல இருக்கறது இதானே? அது எதிர்வீட்டப் பாக்குது. அவங்க கண்ணாடி மாட்டியிருக்காங்க. அண்ணன் தம்பி வீடுன்றாங்க. அப்படி இன்னா செஞ்சாங்க அவங்க? சந்துல நாலு பேரக் கேட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. எம்புள்ள அந்தப் பொண்ணுதான்னு நிக்கறான். நீங்க சொல்லுங்க. அங்க சம்பந்தம் பண்ணலாமா?"

நான் பொய் சொல்லத் தேவையில்லை. கெட்டதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, "நான் இன்னாத்த சொல்றது, நீங்களே விசாரிச்சுக்கோங்க" என்றால் போதும். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அந்த வாக்கியம் என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஆனாலும் வரவில்லை. அதற்குப் பதிலாக, கொஞ்சம் நேரம் ஓட்டலாம் என்று, வாய்க்குப் பழகிய பாடத்தை ஆரம்பித்தேன்.

"இது திருஷ்டி பொம்ம இல்லீங்க, கேடயம். எடது கையில மாட்டுவாங்க. பாதி அவங்கள மறைக்கும், பாதி எடப்பக்கம் நிக்கறவங்கள மறைக்கும். நம்ப வலப்பக்கத்த நம்பளால மறைச்சுக்க முடியாது. பக்கத்துல நிக்கறவங்கதான்..."

அங்கே நின்றுவிட்டேன். ஆயிரம் தடவை சொன்னது அன்றைக்கு முதல் தடவையாக என் காதில் விழுந்தது. ஆதிலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணாடியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்த இரண்டு முகங்கள் ஞாபகம் வந்தன. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடம் சொன்னேன்.

"அவங்க ஒன்னும் செய்யலம்மா. அந்தக்கா ஒரு பேச்சு பேசுனாங்க, அதுவும் நெசம்தான். எனக்குப் புள்ள இல்ல. அந்தப் பொண்ணு ஒன்றர வயசுலேருந்து எங்கையில சாப்ட்டுது. அது எம்பொண்ணா பொறக்கலியேன்னு எனக்குப் பொறாம. அத இத்தினி வருசமா மனசுல வெச்சிருந்தேன். அவங்க கண்ணு எம்மேல பட்டுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். கண்ணு வெச்சது நான்தாம்மா. அவங்க கண்ணாடி மாட்டுனது சரிதான். அந்த மாதிரி பொண்ணு உங்களுக்குக் கெடைக்காது. அவங்க அம்மாவும் வாய்தான் பெருசு, வஞ்சகம் கெடையாது."

ஆதிலட்சுமி அரை அடி பின்னால் நகர்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கண் பொல்லாதவள் என்று தன் வாயாலேயே சொன்னவள் முன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள். "சரிம்மா, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவினேன். நிறைய நேரம் கழுவினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முக்காலி போட்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு இப்ப எறக்கற?"

"சும்மாதான்."

கேடயத்தைக் கழற்றிய இடத்தில் வெயில் படாத சுண்ணாம்பு வட்டமாகப் புதிதாக இருந்தது. கேடயத்தைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில், முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துத் தள்ளினேன்.

புதனும் வியாழனும் எதிர்வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நல்லது சொல்லப் போய், எதிரிலேயே பொறாமைக்காரி இருக்கிற வீடு என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். கவிநிலா முகத்தில் எப்படி விழிப்பது என்று சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கமலவேணி சந்தைத் தாண்டி வந்தாள். கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டு. வெடித்த படியைப் பார்த்து மிதித்து, ஏழு மாதத்துக்குப் பிறகு என் கூடத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழம நிச்சயம். ரெண்டு பேரும் வந்துடுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் தட்டை என் கையில் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா நேத்து ஃபோன் போட்டுச்சு. பொண்ணு புடிச்சிருக்கு, எல்லாம் சரின்னுச்சு. அப்பறம் இன்னா சொல்லுது தெரியுமா? எதிர்வீட்டுல இருக்கறவங்க நிச்சயத்தன்னிக்கு முன்னால நிக்க வேணாம், புள்ள இல்லாத வயித்தெரிச்சல், கண்ணு நல்லது இல்லன்னு. எவளோ போயி வத்தி வெச்சிருக்கா. எந்தக் கடங்காரின்னு தெரியல, தெரிஞ்சா நாக்க இழுத்து வெச்சு அறுப்பேன்."

"நீ இன்னா சொன்னக்கா?"

"இன்னா சொல்வேன்? எம்பொண்ணு அவ கையில சோறு தின்னு வளந்தது, மொத தட்டு அவதான் எடுப்பா, அதுக்கு இஷ்டம்னா வாங்க, இல்லன்னா உங்க புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கோங்கன்னுட்டேன்."

"அக்கா."

"இன்னா அக்கா? கவி அழுவுது, அவங்க அப்பா என்னத் திட்டுறாரு. ஒரு ராத்திரி முழுக்க அந்தம்மா பதிலே சொல்லல. இன்னிக்குக் காலையில ஃபோன் பண்ணி, சரி வரோம்னுச்சு."

ஒரு ராத்திரி முழுக்கத் தன் பெண்ணின் கல்யாணத்தை எனக்காகப் பணயம் வைத்துவிட்டு, அவள் என் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தேன். பிறகு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தக் கடங்காரி நான்தான் என்று சொன்னேன். கடையில் நடந்தது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிமுடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

கமலவேணி ரொம்ப நேரம் வாசலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே அவள் மாட்டிய கண்ணாடி, அதில் என் வீட்டுச் சுவர்.

"பைத்தியக்காரி" என்றாள். "அந்த முகத்த எங்க வெச்ச?"

"கட்டிலுக்கடியில."

"நல்ல வெண்கலமா?"

"ஆமா."

"தட்டு ஒன்னு கொறையுது. இருபதுதான் இருக்குது, ஒத்தப்படையில வெக்கணும். கழுவிக் குடு, கவுத்துப்போட்டுப் பழம் அடுக்கிக்கலாம்."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை. இப்போது வேலைக்குக் கிளம்பும்போது அதில் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிநிலாவுக்கு நான்தான் வகிடு எடுத்துவிட்டேன். பாம்புத்தலைச்சி புளி போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று இருந்தாள். கவிழ்த்துப் போட்டதில் அவள் முகம் கீழே போய்விட்டது, குழிந்த பக்கத்தில் ஆப்பிளும் சாத்துக்குடியும் அடுக்கியிருந்தோம். அடியில் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்ததால் ஆடாமல் நின்றது. முதல் தட்டாக அதை நான் தூக்கினேன். எதிரே மாப்பிள்ளை வீட்டு வரிசையின் நடுவில் ஆதிலட்சுமி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். பழத்தோடு சேர்ந்து அது எட்டுக் கிலோவுக்குக் குறையாது. தட்டு என் பக்கம் சரிந்தது, ஓர் ஆப்பிள் உருண்டு விளிம்பின் நசுங்கலில் வந்து நின்றது. வலப்பக்கத்திலிருந்து ஒரு தோள் வந்து என் தோளோடு இடித்தது. கமலவேணி தன் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, இன்னொரு கையை என் கேடயத்தின் அடியில் கொடுத்துத் தாங்கினாள். ஆதிலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தார். கமலவேணி கையை எடுக்கவில்லை.